பிபிசி மைக்ரோவுக்கு ஹார்ட் டிஸ்க்

கீழ்பென்னாத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,



பழைய பள்ளிக்கூடச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த பிபிசி மைக்ரோவை நீ எடுத்துவிட்டாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1984-85இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குப் போன மாடல் அது. நம் பிள்ளைகள் பலர் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டர். கேசட்டிலிருந்து நிமிடக்கணக்கில் புரோகிராம் ஏறும் அதற்கு ஹார்ட் டிஸ்க் மாட்ட முடியுமா என்கிறாய். தாராளமாக முடியும்.

மெஷினின் அடியில் ‘1 மெகாஹெர்ட்ஸ் பஸ்’ என்று 34 பின் கனெக்டர் இருக்கும். டிஸ்க் போர்டு அங்கேதான் வரவேண்டும். பிராசஸர் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இந்த பஸ்ஸோ பாதி வேகம். இரண்டும் ஒத்துப்போகும் இடைவெளியில் செலக்ட் லைனில் பொய் சிக்னல் எட்டிப்பார்க்கும். அதை வடிகட்டும் ‘கிளீன்-அப்’ சர்க்யூட்டை விட்டுவிடாதே. விட்டால் எழுதும் டேட்டா கெடும்.

அடுத்த சிக்கல் அகலம். ஐடிஇ டிஸ்க் ஒரு தடவைக்கு 16 பிட் தரும். 6502 பிராசஸர் வாங்குவது 8 பிட். மேல் பாதியை ஒரு லாட்ச் சிப்பில் நிறுத்திவைத்துப் பிறகு படிக்கலாம். அதற்குப் பதில் மேல் 8 லைன்களையும் இணைக்காமலே விட்டுவிடும் போர்டுகள் இங்கிலாந்தில் உண்டு. 512 பைட் செக்டரில் 256தான் பயன்படும், பாதி டிஸ்க் வீண். ஆனாலும் அதுதான் சரியான வழி என்பேன். இந்த மெஷினில் டிஸ்க்கை ஆளும் ஃபைல் சிஸ்டமான ஏடிஎஃப்எஸ் கையாளும் செக்டரே 256 பைட். அதனால் ஆளமுடிந்த மொத்த அளவும் 512 எம்பிதான். டிஸ்க்குக்குப் பதில் மாட்டும் 2 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் பாதி போனாலும் மிச்சத்தையே உன்னால் நிரப்ப முடியாது.

உண்மையான வேலை டிரைவரில் இருக்கிறது. ஏடிஎஃப்எஸ் என்பது பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் கம்பெனி தன் வின்செஸ்டர் டிஸ்க்கையும் மனத்தில் வைத்து எழுதிய 16 கேபி ரோம். டைரக்டரி, ஃபைல் சமாச்சாரம் எதையும் தொட வேண்டாம். செக்டரைப் படிக்கும், எழுதும் ரூட்டின்களை மட்டும் ஐடிஇக்கு மாற்றினால் போதும். அப்படி மாற்றிய ரோம் கிடைக்கிறது. ஈப்ராமில் ஏற்றிப் பொருத்துவதோடு நின்றுவிடாதே. டிஸ்அசெம்பிள் செய்து வரிவரியாகப் படி. ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துக் காத்திருந்து, டிஸ்க் தயாரானதும் 256 தடவை பைட்டை வாங்கும் அந்தச் சின்ன லூப் புரிந்துவிட்டால், எந்தப் பழைய மெஷினுக்கும் நீயே டிரைவர் எழுதுவாய்.

கரண்ட் கொடுக்கும் முன் பவர் சப்ளையில் உள்ள மெயின்ஸ் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்று. வயதானவை புகைந்துவிடும்.

கூடவே ஒரு பெட்டி கேசட் வந்திருப்பதாகச் சொன்னாயே, முதலில் அவற்றை லேப்டாப்பில் ஒலியாகப் பதிவு செய்துவை. ஆசிரியர்களும் பிள்ளைகளும் எழுதிய பேசிக் புரோகிராம்கள் அதில் இருந்தால் வேறெங்கும் பிரதி இராது. அதை முடிக்காமல் சால்டரிங் அயர்னைத் தொடாதே.

அன்புடன்,
மாமா