இரவல் கழுத்து

‘தி ஜோல்சன் ஸ்டோரி’ என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாட்டு இல்லை, லாரி பார்க்ஸின் கழுத்து. உச்சஸ்தாயிக்கு ஏறும்போது அதில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணை உருட்டுகிறார், இரண்டு கையையும் விரிக்கிறார், ஒரு முழங்காலில் பொத்தென்று விழுகிறார். எல்லாம் அவருடையது, குரலைத் தவிர. 1946இல் படம் வந்தபோது பார்க்ஸுக்கு 31 வயது. அவருக்காகப் பாடியவர் அமெரிக்கப் பாடகர் ஆல் ஜோல்சன், படமே அவர் கதைதான்; அவருக்கு அப்போது ஏறக்குறைய 60.

வாயசைப்பு நமக்கென்ன புதுசா? டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு ஒரு மாதிரியும் பாடியதைக் கேட்டே வளர்ந்த காது இது. ஆனால் இந்தப் படத்தில் சங்கதி வேறு. யாருடைய கதையோ அந்த ஆளே உயிரோடு மைக் முன்னால் நின்று, தன் வேஷத்தைக் கட்டியிருக்கும் இன்னொருவனுக்குப் பின்னணி பாடுகிறார். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்! போர் முனைகளில் படைவீரர்களுக்குப் பாடப்போய் மலேரியாவை வாங்கிக்கொண்டு வந்தவருக்கு, 1945இல் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு பாடிய குரல்தான் படத்தில் இருப்பது. பழைய இசைத்தட்டுகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கீழே இறங்கி, கனத்து ஒலிக்கும். எனக்கென்னவோ இந்தக் கனத்த குரல்தான் பிடித்திருக்கிறது.

தானே நடிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கொலம்பியா முதலாளி ஹாரி கோன் படத்துக்குச் சம்மதித்தார், அதற்குச் சம்மதிக்கவில்லை. மனுஷர் விடுவாரா? ‘ஸ்வானி’ பாட்டில் கேமரா தள்ளி நிற்கும் தூரக்காட்சியில் ஆடுவது பார்க்ஸ் இல்லை, சாட்சாத் ஜோல்சன். இது தெரிந்த பிறகு அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முகம் பிடிபடாது. ஆனால் இடுப்பை அவர் வெட்டுகிற வெட்டில் ஒத்திகை வாசனையே இல்லை. தன் கதைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த ஆட்டத்திலும் முகமெல்லாம் கரிதான். கருக்கிய தக்கையை அரைத்துப் பூசி, உதட்டை வெள்ளையாக விட்டு, கறுப்பின மக்களை நையாண்டி செய்த மின்ஸ்ட்ரல் கூத்தின் மிச்சம் அது. இன்று பார்க்கையில் கூசத்தான் செய்கிறது. படம் அதை ரொம்ப அப்பாவித்தனமாகச் சொல்லிக்கொண்டு போகிறது: போதையில் கிடக்கும் ஒரு நடிகனுக்குப் பதிலாக இளைஞன் கரியைப் பூசிக்கொண்டு மேடையேறுகிறான், அவ்வளவுதானாம். நியூ ஆர்லியன்ஸில் ஒரு காட்சி வேறு. கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள், இவன் சொக்கிப்போய்க் கேட்கிறான், இனி இந்த மாதிரிதான் பாடப்போகிறேன் என்கிறான். கேட்டவனை ஊரே கொண்டாடுகிறது. வாசித்தவர்களைப் படம் அதோடு மறந்துவிடுகிறது.

சிறு வயது ஜோல்சனாக வருபவன் ஸ்காட்டி பெக்கெட். அவனுக்கும் இரவல் குரல்தான், பாடியது ரூடி விஸ்லர் என்ற பையன். நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு வந்துவிட்டது என்றால் பையன்கள் பாடு திண்டாட்டம். ராஜபார்ட்டும் போச்சு, சோறும் போச்சு. இங்கே மேடையில் பாதிப் பாட்டில் குரல் உடைகிறது. பையன் ஒரு கணம் முழிக்கிறான். சட்டென்று உதட்டைக் குவித்து மீதிப் பாட்டைச் சீட்டியடித்தே முடித்துவிடுகிறான். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நிமிஷம் இதுதான்.

அப்பா யூத ஆலயத்தில் வேதம் பாடும் கேன்டர். லிதுவேனியாவிலிருந்து வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். பையனின் அசல் பெயர் ஆசா யோயல்சன். படத்தில் அப்பாவும் அம்மாவும் முதுமைவரை வாழ்ந்து, கல்யாண நாளில் மகன் பாட, கூடத்தில் கைகோத்து ஆடுகிறார்கள். இவானோவிச்சியின் ‘டான்யூப் அலைகள்’ என்ற பழைய வால்ட்ஸ் மெட்டில் அமைந்த அந்தப் பாட்டு அமெரிக்கா முழுக்கப் பிரபலமானது. ஆனால் அம்மா நயோமி 1895லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்கு அப்போது 8, 9 வயதுதான் இருக்கும். தனக்குக் கிடைக்காத அம்மாவை ஸ்டூடியோ உட்காரவைக்க, 60 வயதுக்காரர் அந்த மூதாட்டிக்காகப் பாடியிருக்கிறார். இந்தப் பொய்யை மட்டும் நான் மன்னித்துவிட்டேன்.

மற்றவற்றை அவ்வளவு லேசில் விட முடியவில்லை. கூடவே மேடையேறிய அண்ணன் ஹாரி படத்தில் இல்லவே இல்லை. நான்கு கல்யாணம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

1949இல் ‘ஜோல்சன் சிங்ஸ் அகெய்ன்’ வந்தது. அதில் ஜோல்சனின் வாழ்க்கையைப் படமாக்குகிறார்கள். லாரி பார்க்ஸ் என்ற இளம் நடிகனை ஜோல்சனுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார்கள். இரண்டு பேருமே பார்க்ஸ். ஒருவரையொருவர் பார்த்துக் கை குலுக்கிக்கொள்கிறார்கள். இரட்டை வேஷத்தில் ஊறிய நமக்கே கொஞ்சம் தலை சுற்றும்.

மறு வருஷம் கொரியாவில் வீரர்களுக்குப் பாடிவிட்டு வந்த கையோடு, அக்டோபர் 23 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோல்சன் காலமானார். அடுத்த மார்ச்சில் பார்க்ஸை, கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டது. ஆமாம், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தேன் என்றார். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். பிறகு மூடிய அறையில் பெயர்களையும் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை, ஹாலிவுட் கதவைச் சாத்திவிட்டது. கட்டடத் தொழிலுக்குப் போய்விட்டார். இதையெல்லாம் படித்த பிறகு மறுபடி முதல் படத்தைப் போட்டால் பாட்டு காதில் நிற்பதில்லை, கண் அந்தக் கழுத்துக்கே போகிறது. அவரைச் சிறந்த நடிகர் ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தார்கள், கிடைக்கவில்லை. படத்துக்குக் கிடைத்த இரண்டும் ஒலிப்பதிவுக்கும் இசையமைப்புக்கும்.

கடைசிக் காட்சி இரவு விடுதியில். பாடுவதை விட்டுவிட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தவர் ஒரே ஒரு பாட்டு என்று எழுந்து போகிறார். ஒன்று இரண்டாகிறது. கூட்டம் விடவில்லை என்று சொல்ல முடியாது. அவருக்கே விட மனசில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். எவ்வளவோ பூசி மெழுகிய படம் இந்த இடத்தில் மட்டும் உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறது. படத்தில் அவள் பெயர் ஜூலி பென்சன், நடித்தவர் எவலின் கீஸ். அசல் மனைவி ரூபி கீலர் 1940லேயே விவாகரத்து வாங்கியவர்; என் பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாட்டியக்காரி. மறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளை வளர்த்தார். 1971இல், 60 வயதைத் தாண்டி, பிராட்வேயில் ‘நோ, நோ, நானெட்’ நாடகத்துக்காக மறுபடி டாப் நடனச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆடியபோது அரங்கம் கைதட்டித் தீர்த்தது. விளம்பரத்தில் போட்டது அவருடைய சொந்தப் பெயர்.