ஃபிளோரியின் திராட்சைத் தோட்டங்கள்

பிரான்ஸ் நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றின் மேற்குப் பக்கமாக நீண்டு கிடக்கும் குன்றுப் பிரதேசம் போஜொலே. அங்கு பெருமளவில் விளைவது கமே என்ற கறுப்புத் திராட்சை. அதிலிருந்து செய்யப்படும் மென்மையான சிவப்பு வைன் பல நாடுகளுக்கும் போகிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை அவ்வாண்டின் புது வைன் விற்பனைக்கு வரும்.

சகோதரிகளே, குடியால் சீரழிந்த குடும்பங்களை என் வேலையில் நாளாந்தம் சந்திப்பவள் நான். வைனின் சுவையைப் புகழ்வது என் நோக்கமல்ல. அந்த மண்ணில் பாடுபட்ட பெண்களைப் பற்றியே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாரிஸிலுள்ள உறவினரிடம் சென்றிருந்தபோது, லியோன் வரை போய், அங்கிருந்து பெல்வில் வரை புகையிரதத்திலும் பின்னர் வீதி வழியாகவும் ஃபிளோரி என்ற சிற்றூருக்குப் போனேன். ஊருக்கு மேலே குன்றில் மாதாவின் சிற்றாலயம் ஒன்று உண்டு. அங்கு நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைதான். நமது யாழ்ப்பாணத்துத் திராட்சை போல அது பந்தலில் படர்வதில்லை. பழைய தோட்டங்களில் குட்டையான செடிகளாக நிற்கிறது. குலையை உதிர்க்காமல் முழுதாகவே தொட்டியிலிட்டுப் புளிக்க வைப்பது இப்பகுதியின் வழக்கம். எனவே பழம் நசுங்காதபடி கையால் வெட்டியெடுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நாள் முழுவதும் குனிந்த முதுகு நிமிராது.

1395 இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், கமே தரங்குறைந்த செடி என்று கூறி, தன் நாட்டில் அதைப் பிடுங்கியெறியக் கட்டளையிட்டான். ஆனால் போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது நன்றாக வேரூன்றிக் கொண்டது.

பிரான்சின் ஊர்களில் போரில் மடிந்தோருக்கு நினைவுத்தூண்கள் உள்ளன. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். 1914 ஓகஸ்டில் ஆண்கள் போர்முனைக்கு அழைக்கப்பட்டபோது வயல்களில் அறுவடை முடிந்திருக்கவில்லை. வேலையைப் பொறுப்பேற்கும்படி பிரதமர் விவியானி நாட்டின் பெண்களிடம் கோரிக்கை விடுத்தார். பெண்கள் பொறுப்பேற்றனர். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 14 இலட்சம் பிரெஞ்சுப் படையினர் மாண்டனர். சுமார் 6 இலட்சம் பெண்கள் விதவைகளாயினர். துயரத்துக்கு நடுவிலும் செடிக்குக் கவ்வாத்து செய்யவேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டியிருந்தது.

இவ்வளவு செய்தும் அப்பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944 இல்தான். கணவனின் சம்மதமின்றி மனைவி வேலைக்குச் செல்லவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் 1965 ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. கணவனின் பண்ணையில் ஆயுள் முழுவதும் உழைத்தவள் பதிவேடுகளில் "தொழில் இல்லாதவள்" என்றே எழுதப்பட்டாள். பண்ணையில் கணவனுடன் சேர்ந்து உழைக்கும் மனைவிக்கு ஓய்வூதிய உரிமையோடு கூடிய தனி அந்தஸ்தை வழங்கிய சட்டம் வந்தது 1999 இல்.

இந்த நிலைமைக்கு நடுவில்தான் ஃபிளோரியில் மார்கரித் ஷபேர் என்ற பெண் எழுந்து நின்றார். சிறு விவசாயிகள் தங்கள் திராட்சையை ஒன்றுசேர்த்து வைன் செய்து விற்பதற்காக 1927 இல் அங்கு கூட்டுறவுச் சங்கம் அமைத்திருந்தனர். அதன் தலைமையை அவர் 1946 இல் ஏற்றார். வாக்குரிமை கிடைத்து இரண்டே ஆண்டுகள்! பிரான்சில் இத்தகைய சங்கமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற்பெண் அவரே. 1984 வரை, 38 ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார்.

போரின் பின் தோட்டத்தையும் வீட்டையும் தனியே சுமப்பது எப்படியென்று உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த உழைப்பு யாருடைய பெயரில் எழுதப்படுகிறது? காணிப் பத்திரத்தில், கூட்டுறவுச் சங்க அங்கத்தவர் பட்டியலில், வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது இதைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூட்டிச் செல்லுங்கள்.