பழனியில் கேட்ட ஒரு பெண் குரல்... திருத்தணிப் படிகளில் நூறாண்டு கடந்த கூட்டுப் பாட்டு!

டிசம்பர் 31. ஊரே கேக் வெட்டத் தயாராகும் நாளில், திருத்தணி மலையடிவாரத்தில் பெண்கள் மஞ்சள் குங்குமத் தட்டோடு நிற்பார்கள். படிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் ஏற்றி, ஒரு திருப்புகழ். அடுத்த படிக்கு அடுத்த பாட்டு. ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். பாட்டுக்கு 3 நிமிடம் என்றாலே 18 மணி நேரம்! ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் பஜனைக் குழுக்கள் வரும். பாட்டியின் கையைப் பிடித்தபடி பாவாடை சட்டைச் சிறுமிகளும் வருவார்கள்.

இந்தப் படித் திருவிழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். புத்தாண்டு என்றால் மாலையும் பழமுமாக வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க ஓடிய காலம் அது. அந்த மரியாதையைத் தணிகை முருகனுக்குச் செய்வோம் என்று ஆட்களைத் திரட்டினார். 1917 டிசம்பர் 31-ல் தொடங்கிய விழா, 2017-ல் நூறாண்டைத் தொட்டது.

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. தீராத வயிற்று வலியோடு பழனிக்கு வந்தவர், அங்கே தேவதாசி மரபுப் பெண் ஒருவர் திருப்புகழுக்கு அபிநயம் பிடித்து ஆடியதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், திருப்புகழுக்காகவே தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். சுவாமிகளின் கதையைச் சொல்பவர்கள் பாட்டைச் சொல்கிறார்கள், ஊரைச் சொல்கிறார்கள். பாடி ஆடிய அந்தப் பெண் மட்டும் வெறும் ‘தாசி’யாகவே நின்றுவிடுகிறார். பொறியை வைத்தவரே அவர்தானே!

அந்தக் காலத்தில் பெண்கள் சேர்ந்து பாடுவதே லேசான காரியம் இல்லை. திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அதே தேவதாசி மரபில் வந்த பெங்களூரு நாகரத்தினம்மாள்தான் தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். ஆனாலும் அவர் பாட முடியவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். எல்லாத் தரப்பும் ஒன்றாக 1941 ஆனது. ‘பெண்கள் கட்சி’ என்று அழைக்கப்பட்ட அந்தக் குழுவுக்கு 2027-ல் வயது நூறு.

திருப்புகழுக்கு வருவோம். மத்திய அரசுப் பணியில் டெல்லியில் இருந்த ஏ.எஸ்.ராகவன், 1958-ல் அங்கே திருப்புகழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 503 பாடல்களுக்கு ராகமும் தாளமும் அமைத்தார். ‘திருப்புகழ் அன்பர்கள்’ என்ற பெயரில் அது மும்பை, பெங்களூரு, சென்னை என்று பரவி, 2008-ல் பொன்விழா கண்டது. போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக உட்கார்ந்து பாடுவதில் பெரும்பாலோர் பெண்கள். மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில், சண்டை போடாமல்!

மற்ற கச்சேரிகளில் தனிக்குரலுக்குத்தான் கைத்தட்டல். இங்கே யாரும் தனியாக ஆலாபனை செய்து மிரட்டுவதில்லை. திருப்புகழின் சந்தம் அவ்வளவு இறுக்கம். ஓர் எழுத்து நீண்டாலும் தாளம் காலை வாரிவிடும். கூட்டமாகப் பாடும்போது, தடுமாறுகிறவரைப் பக்கத்துக் குரல் இழுத்துப் போய்விடும். குரல் சுமாராக இருப்பதால் பாட்டு வகுப்பில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட பெண்ணுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் வளரும் குழந்தைகளுக்கோ இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் இந்தியும் இங்கிலீஷும் பேசுகிற பெண், ழகரமும் றகரமும் பிசகாமல் பாடுகிறாள். அர்த்தம் கேட்டால் முழிப்பாள்தான். அர்த்தநாரிக்கும் முதலில் பாட்டுதான் வந்தது. எழுத்து பிறகுதான் வந்தது.