இந்நத்தேக்கோ, நாளத்தேக்கோ?

எறணாகுளம் பிராட்வேயில் பழக்கடைக்காரர் எடையைக் கேட்பதற்கு முன்பு நாளைக் கேட்பார். "சேச்சி, இந்நத்தேக்கோ, நாளத்தேக்கோ?" இன்றைக்கா, நாளைக்கா? மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்து வந்திருக்கும் தமிழ் அம்மா, "நாளைக்குத்தான் சேட்டா" என்கிறார். கயிற்றில் தொங்கும் நேந்திரன் குலைகளில் கையெதிரே இருப்பதை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருப்பதைக் கடைக்காரர் திருப்புகிறார். ஒரு சீப்பை வெட்டி எடுக்கிறார். காம்புப் பக்கம் இன்னும் பச்சை ஓடுகிறது, நடுப்பகுதி மஞ்சளாகிவிட்டது. அடுத்து வெண்ணெய்ப் பழம். காம்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறார். மூன்றை ஒதுக்கிவிட்டு நான்காவதைத் தட்டில் வைக்கிறார்.

அந்த அரை நிமிடத்தில் பழ வியாபாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாழையும் வெண்ணெய்ப் பழமும் வெட்டிய பிறகு பழுப்பவை. வெண்ணெய்ப் பழமோ மரத்தில் இருக்கும்வரை பழுக்கவே பழுக்காது. பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும். ஆகவே இவற்றை வாங்குகிறவர் பழத்தோடு சேர்த்துச் சில நாள்களையும் வாங்குகிறார். எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தவர் விலை சொல்கிறார். தெரியாதவர் அந்த விலையைக் கொடுக்கிறார்.

பிராட்வே குறுகலான பழைய தெரு. மரைன் டிரைவுக்கு உள்ளே, துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் நெருங்கி நிற்க, அதன் சந்துகள் எறணாகுளம் மார்க்கெட்டில் போய் முடிகின்றன. மார்க்கெட்டை ஒட்டி ஓடும் கால்வாயில் ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய வள்ளங்கள் வந்தன. இன்று லாரிகள் வருகின்றன. சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கத்து நேந்திரன் வாளையார் எல்லை வழியாகவும், கர்நாடகத்தின் குண்டல்பேட்டைச் சரக்கும் வயநாட்டுக் குலையும் மலையிறங்கியும் கேரளச் சந்தைகளை எட்டுகின்றன. வாழையைக் கொண்டாடும் மாநிலம்தான் கேரளம். ஆனால் அதன் தேவைக்குப் பக்கத்து மாநிலங்களின் கொல்லைகளும் காய்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் முதலில் தடுமாறுவது பெயரில். அங்கே பூவன் கேட்டால் நம்முடைய ரஸ்தாளியைத் தருவார்கள். நம்முடைய பூவன் வேண்டுமென்றால் பாளையங்கோடன் என்று கேட்க வேண்டும். ஞாலிப்பூவன் என்பது கர்நாடகத்தார் சொல்லும் ஏலக்கி. ரகத்துக்கு ரகம் விலை மாறும் சந்தையில் பெயர் தெரியாமல் பேரம் பேச முடியாது.

நேந்திரனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் ஒவ்வொரு நாளுக்கும் கேரளச் சமையலறையில் ஒரு வேலை இருக்கிறது. முற்றிய பச்சைக் காய் எண்ணெய்க்குப் போய் உப்பேரியாகிறது. அதையே பொடியாக நறுக்கினால் மெழுக்குப்புரட்டி. உலர்த்திப் பொடித்தால் குழந்தைக்குக் கூழ். மஞ்சள் ஏறியதை ஆவியில் வேகவைத்து புட்டோடு உண்கிறார்கள். புள்ளி விழுந்தது பழம்பொரிக்கு. தோல் கறுத்துச் சதை குழைந்தது நெய்யும் வெல்லமும் சேர்ந்து வரட்டியாகவோ அல்வாவாகவோ ஆகிறது. அதனால்தான் நல்ல கடைக்காரர் கறுத்த சீப்பைத் தனியே வைத்து விலை குறைத்து விற்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது எதற்கு உதவும் என்று தெரியும். பழத்துக்குப் பல ஆயுள் இருக்கும்போது விலையும் படிப்படியாக இறங்குகிறது.

வெண்ணெய்ப் பழத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கல்லாக இருக்கும், பிறகு இரண்டு மூன்று நாள் வெண்ணெயாக இருக்கும், அதன் பிறகு உள்ளே நார் கறுத்துப் போகும். கறுத்த பழத்துக்கு நம் அடுப்பில் வேலை இல்லை. கழிவாகப் போகும் பழத்தின் விலையையும் நல்ல பழத்தின் மேல்தான் ஏற்ற வேண்டும். நேந்திரனையும் வெண்ணெய்ப் பழத்தையும் ஒரே கடையில் பார்க்கும்போது விலையில் தெரியும் தூரத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் அது வரும் வழி. தெற்கில் விளையும் வெண்ணெய்ப் பழம் பெரும்பாலும் காப்பித் தோட்டத்தின் நிழல் மரத்தில் காய்ப்பது. வயநாடு, குடகு, கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகியவை அதன் ஊர்கள். தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி-1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. மழை மாதங்களில் இந்த மலைப் பழம் மொத்தமாக இறங்கும். பச்சைத் தோல், பெரிய கொட்டை, உருவத்தில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மழைப் பருவம் முடிந்து வரத்து ஓய்ந்தால் பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் தான்சானியா, பெரு போன்ற நாடுகளின் ஹாஸ் பழம் உட்காருகிறது. சொரசொரப்பான தோல், பழுத்தால் கறுக்கும். கலிபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் தன் தோட்டத்து மரத்துக்கு 1935இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகச் சந்தையை ஆள்வது அந்த ஒற்றை மரத்தின் வம்சம். ஒரே அளவு, கப்பல் பயணத்தைத் தாங்கும் தோல், நிறத்தைப் பார்த்தே பக்குவம் சொல்லும் வசதி ஆகிய மூன்றும் அதற்கு விலையை ஏற்றித் தந்தன. சுவையில் நம் மலைப் பழம் தாழ்ந்ததில்லை. தரம் பிரித்து, எப்போது பறித்தது என்று சொல்லி விற்க ஆள் இல்லாததால்தான் அது மலிவாகப் போகிறது.

வரத்து ஏறி இறங்குவதை வாழையில் கண்கூடாகப் பார்க்கலாம். நேந்திரன் நட்டு வெட்டுக்கு வரப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆவணியில் வரும் ஓணத்துக்குக் குலை வேண்டுமென்றால் முந்தைய ஐப்பசி, கார்த்திகையிலேயே கன்று வைத்தாக வேண்டும். ஓண வாரத்தில் உப்பேரிக்கும் சர்க்கரைவரட்டிக்கும் காய் பறக்கும், விலை ஏறும். குருவாயூரப்பனுக்குக் காழ்ச்சக்குலை என்ற காணிக்கைக் குலையைச் சமர்ப்பிப்பதும் அதே நாள்களில். அதற்குப் பேர்போன திருச்சூர் மாவட்டத்தின் செங்ஙாலிக்கோடன் நேந்திரன் 2014இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கோடை மழையோடு வரும் ஒரு மணி நேரக் காற்று போதும், குலை தள்ளிய வாழை முழுவதும் சாய்ந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் ஓணத்துக்கென்று வளர்த்த தோட்டங்களையே மூழ்கடித்தது. பத்து மாதம் காத்தவன் கையில் அந்த ஆண்டு ஒன்றும் இல்லை.

எல்லாம் நன்றாக விளைந்து, எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டினால் இன்னொரு துன்பம். அப்போது விலை சரியும். வெட்டிய குலையைத் திரும்ப மரத்தில் ஒட்டவைக்க முடியாது. வாழையைப் பதின்மூன்று டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் தோல் கறுத்துவிடும். உருளைக்கிழங்கைப்போல் மாதக்கணக்கில் கிடங்கில் பூட்டிவைக்கவும் வழியில்லை. கொடுத்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவதுதான் விவசாயிக்கு மிஞ்சுகிறது.

இதற்குக் கேரளம் சில நல்ல வழிகளைக் கண்டது. மற்ற பல மாநிலங்களில் உள்ளதுபோன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சட்டம் அங்கே இல்லை. ஆனால் கொச்சி காக்கநாட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 2001இல் உருவான காய்கறி, பழ மேம்பாட்டு கவுன்சில், விவசாயிகளே நடத்தும் சுவாசிரய கர்ஷக சமிதிகளை வளர்த்தது. தனித்தனியாக மண்டிக்குப் போன விவசாயிகள் தங்கள் ஊரிலேயே குலைகளைக் குவித்து வைக்க, வியாபாரிகள் அங்கே வந்து கேட்கிறார்கள். 2020 நவம்பர் முதல் பதினாறு காய்கறி, கிழங்கு, பழங்களுக்கு அரசு அடிப்படை விலையும் அறிவித்தது. உற்பத்திச் செலவோடு இருபது சதவீதம் சேர்த்துக் கணக்கிட்ட விலை அது. அப்போது நேந்திரனுக்குக் கிலோ 30 ரூபாய், வயநாட்டு நேந்திரனுக்கு 24. ஒரே ரகத்துக்கு ஊரைப் பொறுத்து இரண்டு விலை இருப்பது அரசுத் தாளிலேயே பதிவானது. கடையில் வாங்குகிறவர் பார்க்கும் பலகையில் மட்டும் அந்த வேறுபாடு இல்லை. 'ஏத்தப்பழம்' என்று நேந்திரனுக்கு அங்கே வழங்கும் பெயரும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தின் கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலம் முடிந்ததும், கதளியும் நேந்திரனும் கிலோ என்ன விலைக்குப் போயின, பூவன், ரஸ்தாளி, செவ்வாழைத் தார் ஒன்று குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிடும். சிறு செய்திதான். ஆனால் பத்துத் தார் வைத்திருக்கும் ஒருவருக்கு அதுதான் கைவிளக்கு. கடல் கடந்தும் இந்தப் பழக்கம் உண்டு. அமெரிக்க வேளாண் துறை 1915இல் லூயிசியானாவின் ஹேமண்ட் என்ற ஊர் ஸ்ட்ராபெர்ரிக்காகத் தொடங்கிய சந்தைச் செய்தி, இன்று அந்த நாட்டுக் கடைகள் வாழைக்கும் வெண்ணெய்ப் பழத்துக்கும் விளம்பரம் செய்யும் விலையை வாரந்தோறும் தொகுத்து எல்லோருக்கும் தருகிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பிராட்வேயில் நின்று பார்த்தால் காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரி. மிளகுக்கு விலை சொல்லிப் பேர் வாங்கிய ஊர். 1957இல் தொடங்கிய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் அங்கே யூதத் தெருவில் இருக்கிறது. கொச்சி மிளகு விலை இன்றும் பத்திரிகைகளில் வருகிறது. அதுவும் வெறும் விலையாக வருவதில்லை, சுத்தம் செய்த மிளகுக்கு ஒன்று, செய்யாததற்கு ஒன்று என்று தரத்தோடு வருகிறது. இடுக்கி மலையில் நாலு மூட்டை மிளகு வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டு விற்கலாமா, காத்திருக்கலாமா என்று முடிவு செய்கிறார். காத்திருக்கக்கூடிய மிளகுக்கு இவ்வளவு துல்லியம். சில நாள்களுக்கு மேல் காத்திருக்க முடியாத பழத்துக்குத்தான் இது இன்னும் அதிகம் தேவை.

தரம் என்பது அழகு பார்க்கும் விஷயமும் அல்ல. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை அளவோடு, நூறு பி.பி.எம். வரை பயன்படுத்தலாம். இரண்டு முறையிலும் தோல் மஞ்சளாகத்தான் இருக்கும். முற்றாத காயை அவசரமாக மஞ்சளாக்கினால் சதையில் இனிப்பு ஏறாது. விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழி. கூர்மையான விளிம்போடு இருக்கும் நேந்திரன் முற்றுவதற்கு முன்பே வெட்டப்பட்டது. வெண்ணெய்ப் பழத்தைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். மலை ரகங்கள் பலவற்றில் முற்றிய பழத்தின் கொட்டை உள்ளே அசையும். கைக்குத் தெரியும் இந்த அறிவு எல்லா வாடிக்கையாளருக்கும் இருக்காது. அதனால் எழுதி வைப்பது அவசியம்.

எறணாகுளம் மார்க்கெட்டுக்கு 2024 டிசம்பரில் புதிய கட்டடம் திறந்தாயிற்று. அதன் வாசலில் ஒரு பலகை வைக்கலாம். இந்த வாரம் வந்த நேந்திரன் எந்த ஊர், மொத்த விலை என்ன, சில்லறை விலை என்ன. வெண்ணெய்ப் பழம் வயநாடா, பழனி மலையா, கப்பலில் வந்ததா. முதல் தரம் எவ்வளவு, இரண்டாம் தரம் எவ்வளவு. மாநகராட்சியும் வியாபாரிகளும் சேர்ந்தால் வாரம் ஒரு முறை சுண்ணாம்புக்கட்டியால் எழுதக்கூடிய கணக்குதான் இது. நேர்மையாக விற்கும் கடைக்காரருக்கு அதில் இழப்பு ஏதும் இல்லை. வாளையாருக்கு இந்தப் பக்கம் குலையை வெட்டலாமா, இன்னும் நாலு நாள் விடலாமா என்று தோட்டத்தில் நிற்கிறவருக்கும் அந்த எண்கள் போய்ச் சேரும்.

பலகை வரும்வரை வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். கடைக்காரர் "இந்நத்தேக்கோ, நாளத்தேக்கோ" என்று கேட்கும்போது பதில் சொல்லிவிட்டு, நீங்களும் திருப்பிக் கேளுங்கள்: எந்த ஊர்க் குலை, என்றைக்கு வெட்டியது?