அணை எத்தனை அடி மச்சி?

வீக் எண்ட் வந்தாச்சு, எங்கே போறதுன்னு மண்டை காயுதா? பைக்கை எடுங்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா ஒரு கால் கிலோ வாங்கிக்கிட்டு, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, கூமாபட்டி வழியா விட்டா பிளவக்கல். ரெண்டு பக்கமும் தென்னை, வயல். எதிரே சுவர் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. பட்டாசு மாவட்டத்துல இப்படி ஒரு பச்சையான்னு வாயைப் பிளப்பீங்க!

கூமாபட்டின்னதும் சிரிக்கிறீங்களா? 2025 ஜூனில் இன்ஸ்டா ரீல்ஸ் புண்ணியத்துல ஒரே வாரத்துல தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்ச ஊராச்சே! ரீல்ஸைப் பார்த்துட்டு குளிக்கிற ஆசையோட கூட்டம் கூட்டமா வந்தாங்க. ஆனா, அணையில குளிக்க அனுமதி இல்லை. வந்த வேகத்துல திரும்பினவங்கதான் அதிகம்.

அந்த ஊர்ப் பெருசுங்களுக்கு இது புரியாத விஷயம். ‘தண்ணியைப் பார்க்க இவ்வளவு தூரமா வருவாங்க?’ங்கறது அவங்க கேள்வி. நமக்கு அது லொக்கேஷன். அவங்களுக்கு அது சோறு. இங்கே ரெண்டு அணை இருக்கு, 1970-களில் கட்டினது. ஒண்ணு பிளவக்கல் பெரியாறு (முல்லைப் பெரியாறுன்னு குழப்பிக்காதீங்க), இன்னொண்ணு கோவிலாறு. ஒவ்வொண்ணும் ஐம்பது அடிக்கும் குறைவான குட்டி அணைதான். ஆனா, இந்தத் தண்ணிதான் வரிசையா கண்மாய்களை நிரப்பி நெல்லையும் தென்னையையும் காப்பாத்துது. மலையில மழைன்னா நாம குடையைத் தேடுவோம். அவங்க கேட்கிற முதல் கேள்வி, ‘அணை எத்தனை அடி?’

நாம கேட்கிறது, ‘வ்யூஸ் எத்தனை?’

அதுக்காகப் பெருசுங்க எல்லாம் உத்தமர், நாமதான் வில்லன்னு நினைச்சுடாதீங்க. பக்கத்துலயே சதுரகிரி. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியா மலையேறுற கூட்டத்துல நம்ம தாத்தா, சித்தப்பா எல்லாரும் உண்டு. அவங்க பக்தியோட போட்டுட்டு வந்த பிளாஸ்டிக்கும் குப்பைதான்! 2015 மே மாசம் அங்கே திடீர்னு காட்டாறு பெருகி பக்தர்கள் உயிரிழந்தாங்க. வெள்ளம் யார்கிட்டேயும் வயசு கேட்கலை.

காட்டுக்கும் அப்படித்தான். 1988-ல் இந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். ரீல்ஸ் கோஷ்டி, கோஷம் போடுற கோஷ்டி ரெண்டும் அணிலுக்கு ஒரே சத்தம்தான்.

ஆனா ஒண்ணு. அந்தப் பெருசுங்க வருஷக்கணக்கா அணையைப் பத்திப் பேசினாங்க. அது மாவட்டத்தைத் தாண்டலை. ஒரு செல்போன் அதை ஒரே வாரத்துல செஞ்சுது. அந்தப் பவர் நம்ம கையில இருக்கு பாஸ்! அழகை மட்டும் காட்டாம, கண்மாய் தூர்ந்து கிடந்தா அதையும் காட்டலாமே?

போறதுக்கு முன்னாடி அனுமதி உண்டான்னு விசாரிச்சுக்கங்க. இல்லேன்னா தகராறு பண்ணாம, கூமாபட்டியில ஒரு டீக்கடையில உட்காருங்க. பக்கத்து பெஞ்ச் பெரியவர்கிட்ட, ‘ஐயா, அணை எத்தனை அடி?’ன்னு ஆரம்பிங்க. அப்புறம் அவர் நிறுத்த மாட்டார்!