திட்டமில்லாத பயணத்துக்கு ஒரு திட்டம்

ஐரோப்பாவுக்கு வந்து நாற்பது வருடங்களாகின்றன. ஐரோப்பாவைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? பாரிஸுக்குப் பத்துத் தடவைக்கு மேல் போயிருக்கிறேன். லா சப்பலில் எந்தக் கடையில் முருங்கைக்காய் முற்றாமல் கிடைக்கும் என்று சொல்வேன். ஈபிள் கோபுரத்தைக் காரின் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததோடு சரி. லண்டன் என்றால் வெம்பிளி. ஜேர்மனி என்றால் ஹம் காமாட்சி அம்பாளின் தேர். நாங்கள் எல்லை தாண்டியதெல்லாம் கலியாணத்துக்கு, சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. போன இடத்தில் உறவினர் வீட்டுச் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த நாள் வேலைக்கு நிற்க வேண்டுமென்று இரவோடிரவாகத் திரும்பினோம். என்னைப் போல வாழ்ந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் பலர் இருப்பீர்கள்.

இப்போது என் பேத்தி கேட்கிறாள்: “அம்மம்மா, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் மூண்டு கிழமை எங்கையாவது போவமா?” அவளுக்கு இருபத்தொரு வயது. பேர்ண் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கே போவது, எத்தனை நாள் நிற்பது என்று நான் கொப்பியும் பேனையுமாக இருக்க, அவள் சிரித்தாள். “ஒண்டையும் முன்னமே முடிவெடுக்கக் கூடாது. ஊர் பிடிச்சால் நிப்பம். பிடிக்காட்டி அடுத்த ரயில் எடுப்பம். ஸ்பொன்டானாய்ப் போவம்.”

இந்த ஜேர்மன் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். ‘திடீரென்று’ என்பதுதான் எனக்கு வாயில் வந்தது. சொன்ன பிறகு எனக்கே அது பொருந்தவில்லை. எங்கள் வாழ்க்கையில் திடீரென்று வந்தவை எவை? ஷெல் வந்தது, சுற்றிவளைப்பு வந்தது, நடுச்சாமத்தில் கதவு தட்டும் சத்தம் வந்தது. மனம் போன போக்கில் சந்தோஷமாகச் செய்வதற்கு ஒரு சொல் எனக்கு உடனே கிடைக்கவில்லை.

நான் ஒருமுறை அப்படி ஒன்றும் தெரியாமல் ஐரோப்பாவுக்குள் பயணம் செய்திருக்கிறேன். 1985இன் தொடக்கம். கணவர் ஒரு வருடம் முந்தி வந்துவிட்டார். நானும் ஒன்பது வயது மகளும் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமானநிலையத்தில் இறங்கினோம். ஏஜென்சிக்காரன் ஒரேயொரு பெயரைப் பாடமாக்கச் சொல்லியிருந்தான்: பிரீட்ரிக்ஸ்ராச. அந்த நிலையத்தில் கிழக்கு ஜேர்மன் அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்த்து விடுவார்கள். அந்தப் பக்கம், மேற்கு பேர்லினில், உள்ளே வருபவர்களை யாரும் மறிப்பதில்லை. நகரத்தின் நடுவில் ஓடிய அந்தக் கோட்டை ஓர் எல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாததால் அங்கே சோதனையும் இல்லை. இரண்டு வல்லரசுகளின் பிடிவாதத்துக்கு இடையில் இருந்த சின்ன இடைவெளியால்தான் ஆயிரக்கணக்கான தமிழர் உள்ளே வந்தோம். 1985இன் நடுப்பகுதியில் விசா இல்லாத தமிழருக்கு அந்த வழி அடைபட்டது. 1986 ஒக்டோபரில் மற்றைய நாட்டவருக்கும் அடைபட்டது.

அதன் பிறகு யார் எங்களைக் கூட்டிப் போனார்கள், எந்தெந்த வீட்டில் எத்தனை நாள் இருந்தோம் என்பதெல்லாம் எனக்கு இன்றும் ஒழுங்காகச் சொல்ல வராது. கையில் ஒரு விலாசம் இருந்தது. பக்கத்தில் மகள். இரவு எங்கே படுப்போம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் “கொஞ்சம் பொறு பிள்ளை” என்பேன். அதைத்தவிரச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எதையும் முன்கூட்டி முடிவெடுக்காத பயணம் என்றால் என் உடம்புக்குத் தெரிந்தது அதுதான்.

நாங்கள் வந்த அதே வருடம், ஜூன் 14ஆம் திகதி, ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் லக்சம்பேர்க்கின் செங்கன் என்ற கிராமத்தருகே, மோசல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் கையொப்பமிட்டார்கள். தங்களுக்கிடையில் எல்லைச் சோதனைகளை நீக்குவதற்கான ஒப்பந்தம் அது. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் 2008 டிசெம்பரில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் அகதி விண்ணப்பக்காரர், பிறகு எஃப் விசாக்காரர். பாசல் நிலையத்தில் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஏற முடியாது. எல்லைகள் திறக்கின்றன என்று தொலைக்காட்சி சொன்ன வருடங்களில் நாங்கள் கன்ரோனுக்குள்ளே இருந்தோம். சிவப்புக் கடவுச்சீட்டு கையில் வந்தபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கால்களில் வேலை செய்த களைப்பும் இருந்தது.

பேத்தி இன்டர்ரெயில் பாஸ் பற்றிச் சொன்னாள். அது 1972இல் தொடங்கியது. அப்போது இருபத்தொரு வயது வரையிலான இளைஞருக்கு மட்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1972இல் எனக்கும் இருபத்தொரு வயதுதான். அந்த வருடம் இலங்கை குடியரசானது, எங்கள் பொடியள் தரப்படுத்தலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அறிந்த நீண்ட ரயில் யாழ்தேவி ஒன்றுதான். அதே வயதில் இங்கே பிள்ளைகள் முதுகுப்பையோடு நாடு நாடாகச் சுற்றத் தொடங்கியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பாஸ் எல்லா வயதினருக்கும் உண்டு. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்து வருபவர்களுக்கு அதையொத்த யூரெயில். 27 வயது வரை இளைஞர் கழிவு. 60 வயதுக்கு மேல் முதியோர் கழிவு, அது கொஞ்சம் குறைவு. ஆகவே பேத்திக்கும் கழிவு, எனக்கும் கழிவு. நடுவில் இருக்கிற என் மகள் மட்டும் முழுக்காசு கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் மகள் சொன்னாள்: “எனக்கு எப்பவும் அப்பிடித்தானே.” பகிடியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அது என்னோடு நின்றுவிட்டது. ஊரை விட்டு வந்த கதை எனக்கு இருக்கிறது. இங்கே பிறந்த உரிமை பேத்திக்கு இருக்கிறது. எட்டு வயதில் நினைத்ததையும் ஒன்பது வயதில் பார்த்ததையும் யாரிடமும் சொல்லாமல், கந்தோர்க் கடிதங்களை எங்களுக்கு மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளை முழுக்காசும் கட்டியிருக்கிறது.

திட்டம் போடாத பயணத்துக்கும் திட்டம் வேண்டும் என்பதைப் பேத்தியும் மெல்ல ஒப்புக்கொண்டாள். பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. பிரான்சின் ரி.ஜி.வி.க்கும், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்களுக்கும், இரவு ரயில்களுக்கும் ஆசனம் முன்பதிந்து தனிக் காசு கட்ட வேண்டும். நினைத்தவுடன் ஏறுகிற பயணத்துக்கு அவை ஒத்துவராது. சுவிஸ், ஜேர்மனி, ஒஸ்ரியா ஆகிய நாடுகளில் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் எங்கள் வழி தானாகவே அமைந்தது: பேர்ணிலிருந்து பாசல் ஊடாகப் பேர்லின், அங்கிருந்து எல்பே ஆற்றங்கரையோடு பிராக், பிராக்கிலிருந்து வியன்னா, பிறகு ஆர்ல்பேர்க் மலைகளுக்குள்ளால் வீட்டுக்கு. ஒரு மாதத்துக்குள் 7 நாட்கள் பயணம் செய்யும் பாஸ். இந்த வழிக்கு 4 நாட்கள் போதும். மிகுதி 3 நாட்களும் பேத்தியின் கையில். அவள் எந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொன்னாலும் நான் ஏன் என்று கேட்கக்கூடாது.

என் பக்கத்திலிருந்தும் நிபந்தனைகள் உண்டு. பேர்ணிலிருந்து பேர்லினுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல். கட்டாயமில்லாவிட்டாலும் அந்த ஓட்டத்துக்கு ஆசனம் பதிய வேண்டும். பெட்டிக்குப் பெட்டி இடம் தேடி நடக்க என் முழங்கால் விடாது. ஒவ்வொரு ஊரிலும் முதல் இரவுக்கு அறை முன்பே பதிந்திருக்க வேண்டும், நிலையத்துக்குக் கிட்ட, லிஃப்ட் உள்ள இடமாக, ரத்துச் செய்தால் காசு திரும்பி வரக்கூடியதாக. அடுத்த இரவுகளை அவள் விரும்பியபடி பார்க்கலாம். “ஏன் அம்மம்மா முதல் இரவு மட்டும்?” என்று கேட்டாள். ரயிலால் இறங்கும்போது எங்கே படுப்போம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

மருந்துகள் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும். டொக்ரரின் துண்டும் அதோடு. காப்புறுதி அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய சுகாதார அட்டை என்பதைப் பேத்திதான் திருப்பிக் காட்டினாள். இத்தனை வருடமும் நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவள். சாப்பாட்டுக் காசு என்னுடையது, அறைக்காசு பாதி பாதி. அவள் விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசை நான் மறுத்தால், பயணம் என்னுடையதாகிவிடும். அவள் என்னைக் கூட்டிப்போகும் பிள்ளையாக இருக்க வேண்டுமானால் அவளும் கட்டத்தான் வேண்டும்.

பெரிய சிக்கல் உறவினர். பேர்லினில் மச்சாள் இருக்கிறா. அந்த ஊருக்குப் போய் ஹொட்டேலில் தங்கினோம் என்று கேள்விப்பட்டால் அது குறை. வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டுவா. அவ வீட்டில் தங்கினாலோ மூன்று நாளும் இடியப்பமும் பழைய கதையும்தான். பேத்தி ஒரு தீர்வு சொன்னாள்: “ஒரு மத்தியானச் சாப்பாடு. இரவு தங்கல் இல்லை.” மச்சாளுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். முதலில் பேசாமல் இருந்தா. பிறகு, “பெட்டையோட தனியப் போறியோ? எனக்கும் ஒரு பேத்தி இருக்கிறாள், கதைக்கிறதே இல்லை” என்றா. அதற்குப் பிறகு குறை ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்குத்தான் பேர்லின் பிடிக்கவில்லை. “அங்க என்ன கிடக்கு? பாரிஸுக்குப் போங்கோ” என்றாள். ஷோனபெல்டின் பழைய விமானநிலையத்தில் இப்போது பயணிகள் இறங்குவதில்லை. 2020இல் புதிய விமானநிலையம் திறந்த பின் கொஞ்சக்காலம் அதன் ஒரு பகுதியாக இருந்து மூடப்பட்டது. ஆனால் பிரீட்ரிக்ஸ்ராசவில், மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்த மண்டபம் அப்படியே நிற்கிறது. ஜேர்மன்காரர் தங்கள் உறவுகளை வழியனுப்பி அழுத இடமென்பதால் அதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர். 2011 முதல் அது ஒரு காட்சிச்சாலை, உள்ளே போகக் காசில்லை. பேத்தி அதைத் தேடி எடுத்துக் காட்டியபோது மகள் குசினிக்குள் எழும்பிப் போய்விட்டாள்.

அன்றிரவு பேத்தி என்னிடம் கேட்டாள்: “அம்மா அங்க பயந்தவவா?” அவளுடைய தமிழ், புதன்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் வீட்டுக் கதையும் சேர்ந்த தமிழ். என்னுடைய ஜேர்மன், முதியோர் இல்லத்துச் சமையலறையில் பழகிய ஜேர்மன். இந்த இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு காலமும் மகள் நின்று மொழிபெயர்த்தாள். அவளைப் பற்றிய கேள்வியை அவளைக் கொண்டு எப்படி மொழிபெயர்ப்பது? இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியது எதுவென்று அப்போதுதான் விளங்கியது. எட்டு மணித்தியாலம் ஒருவருக்கொருவர் எதிரே இருந்தால், இருக்கிற சொற்களை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சமாளித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடையாள அட்டை போதும் என்பாள், சட்டப்படி அது சரி. நான் கடவுச்சீட்டையும் கொண்டுபோவேன். 2024 செப்டெம்பர் 16இல் ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ரயிலுக்குள் பொலிஸ் ஏறினால் யாருடைய முகத்தை முதலில் பார்க்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவள் இங்கே பிறந்தவள், அவர்களுடைய மொழியில் கனவு காண்பவள். அவளிடமும் கேட்பார்கள். அப்போது நான் பக்கத்தில் இருப்பேன். எங்களைப்போல் எந்தத் திட்டமும் இல்லாமல், கையில் ஒரு விலாசத்தோடு இன்றும் எல்லைகளில் நிற்பவர்களைப் பற்றி அவள் என்னிடம் கேட்பாள் என்றும் நினைக்கிறேன்.

வியன்னாவில் மூன்று பேர் படுக்கக்கூடிய அறையாகப் பதிந்திருக்கிறோம். மகளிடம் வா என்று சொல்லவில்லை. அறை இருக்கிறது என்று மட்டும் பேத்தி சொன்னாள். வருவதும் வராததும் அவள் விருப்பம். பேர்லினை விட்டுவிட்டு வியன்னாவுக்கு நேரே வரலாம். வந்து ஒன்றும் கதைக்காமல் கோப்பி குடித்துவிட்டுப் போகலாம். முன்கூட்டி முடிவெடுக்காமல் விடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது என்பதைப் பேத்தியிடம்தான் படித்தேன். எங்களுக்காக மற்றவர்கள் எல்லாவற்றையும் முடிவெடுத்த காலம் ஒன்று இருந்தது. என் மகளுக்கு அந்தத் தெரிவு ஒருமுறையாவது கிடைக்கட்டும்.

உங்களுக்கும் வளர்ந்த பேரப்பிள்ளை இருந்தால், அது கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். முழங்கால் படியேற விடும் காலத்துக்குள் கேளுங்கள். முதல் இரவுக்கு மட்டும் ஓர் அறை, கைப்பையில் மருந்து, மிகுதியைப் பிள்ளையிடம் விடுங்கள். கலியாணக் கார்ட் வராமல், செத்தவீட்டுச் செய்தியும் வராமல், ஒரு தடவையாவது ரயில் ஏறுங்கள்.