மிகுதி நாள்

நாட்காட்டியில் பிப்ரவரி 29 என்னும் நாள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிறது. அது ஏன் வருகிறது என்று கேட்டால், ‘நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு’ எனப் பள்ளிப் பிள்ளைகள் விடை கூறுவர். அவ்விடை முழுமையானதன்று. அதன் பின்னே திருச்சபையின் வரலாறும், நம் முன்னோரின் வான்கணிதமும், மறைந்தோரை நினைவுகூரும் எளிய மக்களின் கவலையும் அடங்கியுள்ளன.

பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் அதே இடத்திற்கு வர 365 நாட்களும், 5 மணி 48 நிமிடம் 45 விநாடியும் ஆகின்றன. இந்த மிகுதியைக் கால் நாள் எனக் கொண்டு, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கூட்டும் முறையைக் கி.மு. 46-இல் யூலியஸ் சீசர் ஏற்படுத்தினார். ஆனால் மிகுதி கால் நாளைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் யாருக்குப் பெரிது? எனினும் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

கி.பி. 325-இல் நீசேயாப் பொதுச்சங்கம் கூடிய காலத்தில் பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 21-ஐ ஒட்டி அமைந்தது. உயிர்ப்புப் பெருவிழாவைக் கணிப்பதற்கு அந்நாளே அடிப்படை. பதினாறாம் நூற்றாண்டிலோ அது மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. அலோய்சியுஸ் லிலியுஸ் என்னும் இத்தாலிய மருத்துவர் வகுத்த திட்டத்தை, இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியுஸ் முதலியோர் ஆய்ந்து செப்பனிட்டனர். திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் 1582-இல் அதனை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. பத்துத் தேதிகள் நீங்கின. ஆனால் கிழமைகளின் வரிசை குலையவில்லை. அவிலா நகர்ப் புனித தெரேசா அந்த இரவில்தான் இறைவனடி சேர்ந்தார். அவருடைய திருநாள் இன்று அக்டோபர் 15-இல் அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

நூற்றாண்டு முடிவில் வரும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு என்பது புதிய விதி. எனவே 1900 லீப் ஆண்டன்று; 2000 லீப் ஆண்டு; 2100 லீப் ஆண்டாகாது. இதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விநாடி பிழை எஞ்சுகிறது. அது ஒரு நாளாகச் சேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

நம் தமிழ் நாட்காட்டிக்கோ லீப் விதியே வேண்டுவதில்லை. கதிரவன் ஓர் இராசியில் புகும்போது மாதம் பிறக்கிறது. அடுத்த இராசியில் புகும்போது முடிகிறது. ஆகவே மாதங்கள் 29 முதல் 32 நாட்கள் வரை கொள்கின்றன; மிகுதி தானே அவற்றில் கரைந்துவிடுகிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி ஓர் ஆண்டு என்பது 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. இது விண்மீன்களைப் பின்னணியாகக் கொண்ட அளவு. பருவ ஆண்டைவிடச் சுமார் 24 நிமிடம் நீண்டது. எனவே தமிழ் மாதங்கள் பருவத்தைவிட்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. விவேகானந்தர் பிறந்த 1863-இல் மகர சங்கராந்தி ஜனவரி 12-இல் வந்தது. இன்று பொங்கல் 14-இலோ 15-இலோ வருகிறது. இதனை எண்ணியே மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த குழு, பருவத்தோடு இணைந்த தேசிய நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

விருத்தாசலத்தை அடுத்த இந்த நல்லூர் வட்டாரத்தில் பீங்கான் தொழிலை அறியாதார் இலர். ஈரக் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். எனவே அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்து வைப்பர். சுருக்கத்தைத் தடுக்க எவராலும் இயலாது. அதனை முன்னரே கணக்கில் கொள்வதே தொழிலறிவு. நாட்காட்டி செய்தோரும் இதனையே செய்தனர்.

பீங்கான் சூளையில் உழைத்த நம் பங்குத் தோழர் ஒருவர் 2020 பிப்ரவரி 29 இரவு எட்டு மணியளவில் காலமானார். மறு ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்க வந்த அவர் மனைவி, “சாமி, அவரு போன தேதியே இந்த வருசக் காலண்டர்ல இல்லியே! மாமியார் 28-ல பூசை வைக்கணுங்கிறாங்க. 28-க்கு மறுநாள்தானே அவரு போனாரு, அப்ப மார்ச் ஒண்ணுதானே சரி?” என்றார். அக்கேள்வியால் அவ்வீட்டில் மனத்தாங்கலே மூண்டிருந்தது. “பிப்ரவரியில செத்த புள்ளைக்கு மார்ச்சுல பூசையா?” என்பது தாயின் வாதம்.

கதிரவனைக் கேட்டால் மருமகள் பக்கம் தீர்ப்புக் கிடைக்கும். 2020 பிப்ரவரி 29 இரவு எட்டு மணியோடு பருவ ஆண்டு ஒன்றைக் கூட்டினால், 2021 மார்ச் 1 அதிகாலை இரண்டு மணியை நெருங்குகிறது. திருச்சபை மரபைக் கேட்டால் தாயின் பக்கம் சான்று உண்டு. கி.பி. 992 பிப்ரவரி 29-இல், ஏழைகளின் பாதங்களைக் கழுவும் பணியின்போது உயிர்நீத்த ஆங்கிலேய ஆயர் புனித ஆஸ்வால்டின் திருநாள் பிப்ரவரி 28-இல் கொண்டாடப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. பழைய உரோமை முறையில் கூடுதல் நாள் மாதக் கடைசியில் சேரவில்லை. பிப்ரவரி 24-ஆம் நாளே இரட்டிப்பாயிற்று. அதனால் லீப் ஆண்டுகளில் திருத்தூதர் மத்தியாவின் திருநாள் 25-க்குத் தள்ளிப்போகும். 1969-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அதனை மே 14-க்கு மாற்றிற்று. திருத்தூதரின் நாளே இவ்வாறு இடம் பெயர்ந்திருக்க, தேதி ஒன்றிற்காக இரு பெண்கள் பேசாதிருக்க வேண்டுமோ?

இருவரையும் அழைத்து இவற்றை எடுத்துரைத்தோம். 28-இல் திருப்பலி, மார்ச் 1 காலையில் கல்லறையில் செபம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டனர். அதுமுதல் இரண்டு நாட்களிலும் இருவரும் சேர்ந்தே வருகின்றனர். 2024-இல் உரிய நாளே வந்தது. அன்று ஊரே அவர்களோடு நின்றது.

மனிதர் வகுத்த எந்த அளவிலும் சிறிது மிகுதியோ குறைவோ நிற்கும். அதனை மறைக்காமல் கணக்கில் கொண்டு இடமளிப்பதே நீதி. வீட்டிலும் அவ்வாறே. அடுத்த பிப்ரவரி 29, 2028-இல் செவ்வாய்க்கிழமை வருகிறது. அதற்கு மறுநாள் திருநீற்றுப் புதன். அந்த இரு நாட்களையும் நம் பங்கின் திருப்பலிக் குறிப்பேட்டில் அவ்விரு பெண்களும் இப்போதே எழுதிவைத்துவிட்டனர்.